மதிய வெயிலில் நின்றுபோகும் வண்டி: எண்ணெய் ஆவியாகிறதா?

வாசகர் கேட்டது, பிப்ரவரி 15, 2025

"அண்ணே, நானும் சுங்கை சிப்புட்தான். அப்பா விட்டுப்போன பழைய கார்புரேட்டர் கார் ஒன்று வைத்திருக்கிறேன். காலையில் ஒரே திருப்பில் கிளம்புகிறது. மதியம் ஈப்போவுக்குப் போனால் அரை மணி நேரத்தில் இழுவை குறைகிறது, இருமுகிறது, நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் ஓரம்போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. சூட்டில் எண்ணெய் (பெட்ரோல்) ஆவியாகிறது, ரோன் 95 ரகத்தை விட்டுவிட்டு ரோன் 97 ஊற்று என்கிறார்கள் பட்டறையில். இரண்டு டேங்க் ஊற்றிப் பார்த்தேன், என் காசுதான் ஆவியானது. என்ன செய்யலாம்?"

பிப்ரவரி 16, இரவு

97-ஐ நிறுத்துங்கள், தம்பி. அந்த எண்ணுக்கும் ஆவியாவதற்கும் சம்பந்தமில்லை. ரோன் என்பது சிலிண்டருக்குள் அமுங்கும்போது தானாக வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதன் அளவு. எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்பது வேறு கணக்கு. 2009-இல் மலேசியாவில் 92-ஐ எடுத்துவிட்டு 95 கொண்டுவந்தபோதும் எங்கள் ஊரில் சிலர் "இனிமேல் வண்டி சூடாகாது" என்றார்கள். சூடானது.

என்னுடையதும் இதே வியாதிதான். ஜப்பான்காரன் செய்த 1.2 லிட்டர் கார், வயது நாற்பத்தைந்துக்கு மேல். பெயர் சொல்லமாட்டேன், அந்தக் கார் பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். இந்தத் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போனோம். நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தபின் குனோங் சீரோ பக்கத்தில் நின்றுபோனது. பின்னால் வந்த பேருந்துக்காரர் ஹாரன் அடித்தார், காவடிக்காரர்கள் கூடப் பாவப்பட்டுப் பார்த்தார்கள். வீட்டுக்காரி இறங்கி நடந்தே கோயிலுக்குப் போய்விட்டாள். நான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன். அப்புறம் தானாகவே கிளம்பியது.

உங்கள் வண்டிக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. வண்டி நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? என்ன சத்தம் வருகிறது?

பிப்ரவரி 17

தம்பி பதில் போடவில்லை. சரி, அதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய வண்டியில் பெட்ரோல் பம்ப் இன்ஜின் உடம்பிலேயே போல்ட் போட்டு ஒட்டியிருக்கும். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. இன்ஜினோடு சுற்றும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு ஒரு நெம்புகோலைத் தள்ள, சவ்வு மேலும் கீழும் போய் வரும். டேங்க் பின்னால், பம்ப் முன்னால். அவ்வளவு தூரத்திலிருந்தும் அது எண்ணெயை உறிஞ்சித்தான் கொண்டுவருகிறது. தே ஐஸை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற மாதிரி. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் எந்தத் திரவமும் சீக்கிரமே கொதிக்கும். கேமரன் மலையில் தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிகம். அங்கே தண்ணீர் 95 டிகிரிப் பக்கத்திலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும். அதே விளையாட்டுதான் இந்தக் குழாய்க்குள்ளும் நடக்கிறது, மலை ஏறாமலே.

பெட்ரோல் 35 டிகிரியில் கொதிக்கும். சூடான இன்ஜினோடு ஒட்டிய பம்புக்குள் அது குமிழி குமிழியாகும். ஒரு பங்கு திரவம் ஆவியானால் சுமார் 200 பங்கு இடம் கேட்கும். சவ்வு கீழே போகும்போது ஆவி விரியும், மேலே வரும்போது சுருங்கும். எண்ணெய் மட்டும் நகராது. பம்ப் வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது, ஆவியை மென்றுகொண்டு. இதைத்தான் வேப்பர் லாக் என்கிறார்கள்.

அதே நாள், பின்னிரவு

மேலே "35 டிகிரியில் கொதிக்கும்" என்று எழுதியது தப்பு. தண்ணீர் மாதிரி ஒரே புள்ளியில் கொதிக்க பெட்ரோல் ஒற்றைத் திரவமில்லை. பல திரவங்கள் கலந்த சாம்பார். லேசானவை 35 வாக்கில் கிளம்பும், கனமானவை 200 வரை உட்கார்ந்திருக்கும். 70 டிகிரிக்குள் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போய்விடும். அதனால்தான் நோயும் அரைகுறையாகத் தெரிகிறது. முதலில் இழுவை குறையும், அப்புறம் இருமல், கடைசியில்தான் நிற்கும்.

பிப்ரவரி 22

இன்று பசார் மாலாமில் (இரவுச் சந்தை) வாங்கிய துப்பாக்கி மாதிரி வெப்பமானியை எடுத்துக்கொண்டு கோல கங்சார் வரை பழைய சாலையில் போய் வந்தேன். பயணத்தின்போது சாப்பிடுவதற்கும் நேரம் ஒதுக்கினேன் என்பதை மறைக்கவில்லை.

கார்புரேட்டர் எண்ணெயைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது, அதில் எண்ணெய் தேங்கி நிற்கும் இடம் மிதவைக் கிண்ணம். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கிண்ணம் 47 டிகிரி. காற்று அடிக்கிறது, விசிறி சுற்றுகிறது, டேங்கிலிருந்து குளிர்ந்த எண்ணெய் வந்துகொண்டே இருக்கிறது. மாமாக் கடை வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். ஐந்து நிமிடத்தில் 58. பன்னிரண்டாவது நிமிடம் 71. அணைத்த பிறகுதான் சூடு ஏறுகிறது! விசிறி நின்றுவிட்டது, ரேடியேட்டர் தண்ணீர் ஓடவில்லை, கீழே புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மட்டும் அடுப்புக் கங்கு மாதிரி இருக்கிறது. என் வண்டியில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே போகும் குழாயும் இன்ஜினின் ஒரே பக்கம். கார்புரேட்டர் கிட்டத்தட்ட அடுப்புமேல் வைத்த சட்டி. குளிர் நாட்டுக்காரனுக்கு அது தேவை. எண்ணெய் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சுவதால் அங்கே கார்புரேட்டரில் பனிக்கட்டியே பிடிக்கும், அதனால் வேண்டுமென்றே சூடு கொடுப்பார்கள். பேராக் வெயிலில் அந்தக் கரிசனம் நமக்கு வேண்டியதில்லை.

ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோனேன். குளு குளு என்ற சத்தம், ஹூக்கா பிடிப்பது போல. டார்ச் அடித்தால் நடுக் குழாய் நுனியிலிருந்து ஒரு துளி திரண்டு, நடுங்கி, கீழே விழுகிறது. உடனே இன்னொன்று. கீழே உள்ள தகடு ஈரமாகப் பளபளத்தது. மூக்கைச் சுளிக்க வைக்கும் பெட்ரோல் நெடி.

ஆக இது போன வாரம் எழுதியதற்கு நேர் எதிர். அங்கே இன்ஜினுக்கு எண்ணெய் வரவில்லை. இங்கே கிண்ணத்தில் கொதித்துப் பொங்கி, கேட்காமலே உள்ளே வழிகிறது, மூச்சுமுட்டுகிறது. இரண்டையும் நம் ஊரில் வேப்பர் லாக் என்றே சொல்லிவிடுகிறோம், நானும் இருபது வருடமாக அப்படித்தான் சொல்லி வந்தேன். ஓடும்போது நின்றால் பம்ப் பக்கம் பாருங்கள். தே குடித்துவிட்டு வந்தபின் கிளம்ப மறுத்தால் கிண்ணத்தைப் பாருங்கள்.

பொங்கி வழிந்திருந்தால் ஆக்ஸிலேட்டரைத் தரைவரை அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். நிறையக் காற்று போய் ஈரத்தைத் துடைக்கும். படபடவென்று மிதிக்கக் கூடாது, ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் எண்ணெயைப் பீய்ச்சும். நான் மிதித்தேன். பழக்கம்.

பிப்ரவரி 23

ஈரத் துணி பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஆமாம், வேலை செய்யும். பம்பின்மேல் நனைத்த துணியைப் போட்டால் உள்ளே ஆவி திரும்பத் திரவமாகும், ஐந்து பத்து நிமிடத்தில் கிளம்பலாம். அந்தக் காலத்து லாரிக்காரர்கள் கோணிச்சாக்கு நனைத்து வைத்திருப்பார்கள். ஆனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். வார்ப்பிரும்பு, பட்டென்று விரிசல் விட்டால் அந்தச் செலவுக்குப் புது மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டலாம்.

ஒருவர் துணி உலர்த்தும் மரக் கிளிப்புகளை எண்ணெய்க் குழாயில் வரிசையாக மாட்டச் சொல்கிறார். மாட்டினேன். காய்வதற்குச் சட்டை இல்லாமல் கொடி மட்டும் ஓடுவது போல இருந்தது. வேறு பலன் தெரியவில்லை.

மார்ச் 2

ஓர் அன்பர் எழுதுகிறார்: "எங்கள் தோட்டத்து லாரியும் இப்படித்தான் நிற்கும், போமென் (மெக்கானிக்) வந்து பம்பைக் கையால் குத்தினால் ஓடும். அதுவும் ஆவிதானே?"

இல்லை ஐயா. அது டீசல். டீசலில் பெரும்பகுதி ஆவியாக 180 டிகிரிக்கு மேல் வேண்டும், குழாயில் அவ்வளவு சூடு வராது. அங்கே நடப்பது ஏர் லாக். வெளிக்காற்று ஏதோ ஓர் ஓட்டை வழியாக உள்ளே புகுந்துவிடுகிறது. கையால் குத்திக் காற்றை வெளியேற்றுகிறார்கள். நான் இருபத்திரண்டு வருடம் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஓட்டியவன், எத்தனை முறை குத்தியிருப்பேன் என்று என் கட்டை விரலைக் கேளுங்கள்.

தோட்டத்தில் ஆவியின் குறும்பை நிஜமாகப் பார்க்க வேண்டுமானால் புல்வெட்டும் மெஷினைப் பாருங்கள். இரண்டு மணி வெயிலில், முதுகில் மாட்டி, மேட்டுக்காட்டில் வெட்டிக்கொண்டிருப்பார்கள். நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இழுத்தால் கிளம்பாது. கீழே இருக்கும் சின்ன ரப்பர் குமிழை அழுத்தினால் உள்ளே எண்ணெய்க்குப் பதில் சோப்பு நுரை மாதிரி கொப்பளிக்கும். அந்த நேரம் பார்த்து டேங்க் மூடியை அவசரமாகத் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும், பெட்ரோல் முகத்தில் பீச்சும். பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்திருந்தால் முடிந்தது கதை. பாதி திருப்பி, உஸ் அடங்கும்வரை நின்று, அப்புறம் திறங்கள்.

சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியார் (தலைமை எழுத்தர்) மோரிஸ் மைனர் கார் வைத்திருந்தார். அதில் பெட்ரோல் பம்ப் கரண்டில் ஓடும், சாவியைப் போட்டதும் டிக், டிக், டிக் என்று அடித்து, கிண்ணம் நிரம்பியதும் அமைதியாகிவிடும். லயத்து வாசலில் உட்கார்ந்து அந்த டிக் கேட்பதே எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. ஒரு சித்திரை மாதம் அது நிற்காமல் கடகடகடவென்று அடித்தது. "பம்புக்குப் பேய் பிடித்துவிட்டது" என்றான் என் தம்பி. எண்ணெய்க்குப் பதில் ஆவியோ காற்றோ உறிஞ்சினால் அந்தப் பம்ப் அப்படித்தான் பதறும் என்று பின்னாளில்தான் தெரிந்தது. கிராணியார் வண்டியைப் பால்மர நிழலில் தள்ளச் சொன்னார். தள்ளியவர்களில் என் அப்பாவும் ஒருவர். சம்பள நாளன்று மட்டும் கண்ணில் படுகிற மனிதருக்காக வேர்க்க விறுவிறுக்கத் தள்ளினார் என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 9

வெட்கமாக இருக்கிறது. இவ்வளவும் எழுதியபின் என் வண்டியில் கோளாறு வேறெங்கோ இருக்கலாம் என்று தோன்றிவிட்டது.

போன புதன் மறுபடி நின்றது. இம்முறை துணியை எடுப்பதற்கு முன் ஒரு ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, வேறொரு பிளக்கில் மாட்டி, இன்ஜின் உடம்பில் வைத்து, மகனைச் சாவி திருப்பச் சொன்னேன். கார்புரேட்டரிலிருந்து தள்ளி வைத்துத்தான், பயப்படாதீர்கள். பொறி வந்தது, ஆனால் மஞ்சள் நிறத்தில், சோர்வாக. நல்ல பொறி நீலமாகச் சொடுக்க வேண்டும். சூடானால், பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் சோர்ந்துபோவது பழைய வண்டிகளில் சகஜம், அதோடு வேலை செய்யும் கண்டென்சரும் அப்படித்தான். ஆறினால் இரண்டும் சரியாகிவிடும். அப்படியே வேப்பர் லாக் போல நடிக்கும்.

காயிலும் கண்டென்சரும் மாற்றினேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் நிற்கவில்லை. வேப்பர் லாக் பற்றி நான் எழுதியதையெல்லாம் அழித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

மார்ச் 15

அழிக்கவில்லை. அந்த மூன்று நாளும் மழை. வெயில் அடித்ததும் நேற்று நின்றது. பொறி நீலம், கொழுத்த நீலம். ஏர் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே பார்த்தபடி ஆக்ஸிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்தேன். கிண்ணத்தில் எண்ணெய் இருந்தால் ஒரு மெல்லிய கோடாகப் பீய்ச்ச வேண்டும். வரவில்லை. எண்ணெய்தான் இல்லை.

இந்த இரண்டு சோதனைக்கும் ஐந்து நிமிடம் கூட ஆகாது. இதைச் செய்யாமல் இருபது வருடம் வெயிலைத் திட்டியிருக்கிறேன். வெயிலின் பங்கு அவ்வளவு பெரியதும் இல்லை. இந்த நாட்டில் பதிவான உச்ச வெப்பம் 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 டிகிரி. எங்கள் ஊரில் சாதாரண மதியம் 33, 34. காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி வித்தியாசம்தான். இன்ஜின் கொடுக்கும் சூட்டின்மேல் அது கடைசிக் கரண்டி.

மார்ச் 16, ஞாயிறு

கண்டுபிடித்தாகிவிட்டது. நானில்லை, பழைய பசார் பக்கத்தில் பட்டறை வைத்திருந்து ஓய்வுபெற்ற சீனக் கிழவர். எழுபதைத் தாண்டியவர். போமென் என்றால் இவர்தான் போமென். பம்பின்மேல் உள்ளங்கையை வைத்தார், உடனே எடுத்தார். "பானாஸ்" (சூடு) என்றார். பிறகு பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் விரல் நகத்தை விட்டுத் தடவினார். சிரித்தார்.

அங்கே கறுப்பாக, கெட்டியாக, ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பேக்கலைட் அட்டை இருக்க வேண்டும். சூட்டைத் தடுப்பதற்கென்றே வைப்பது. என் வண்டியில் ஒரு காகித கேஸ்கெட் மட்டும் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் பம்ப் மாற்றிய ஒரு பட்டறையில் அதைப் பழைய பம்போடு குப்பையில் போட்டிருக்கிறார்கள். உலோகத்தோடு உலோகம் ஒட்டினால் சூடு நேராகப் பம்புக்குள் வந்துவிடும். கிழவர் பம்பைக் கழற்றி நெம்புகோலைக் காட்டினார். நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு தேய்மானம். அட்டை இல்லாததால் பம்ப் உள்ளே தள்ளி உட்கார்ந்து, கேம் அதை அளவுக்கு மீறி அமுக்கியிருக்கிறது.

தமது தகர டப்பாக்களில் தேடினார். பிஸ்கட் டப்பா, மைலோ டப்பா, அதற்குள் இன்னொரு டப்பா. அட்டை கிடைத்தது. அதோடு பம்புக்கு வரும் ரப்பர் குழாயையும் மாற்றினார். வளைத்துக் காட்டியபோது மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. எண்ணெய் வெளியே ஒழுகாது, ஆனால் உறிஞ்சும்போது காற்றை உள்ளே விடும். ஆக என் வண்டியில் லாரியின் நோயும் இருந்திருக்கிறது. காசு வாங்கவில்லை. தே தாரிக் மட்டும் வாங்கிக் கொடுத்தேன், சர்க்கரை குறைவாக.

மார்ச் 17

"மைவி மாதிரிப் புதுக் கார்களில் ஏன் இதெல்லாம் வருவதில்லை?" ஒரே வரிக் கேள்வி. பம்ப் டேங்குக்குள் எண்ணெயிலேயே மூழ்கிக் கிடக்கிறது, உறிஞ்சாமல் பின்னாலிருந்து தள்ளுகிறது. இன்ஜெக்ஷன் குழாயில் சுமார் 3 பார் அழுத்தம். அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும், பிரஷர் குக்கர் கணக்கு. கொதிக்கும் கிண்ணமும் அங்கே இல்லை. அதையே நம் பழைய வண்டிக்குச் செய்பவர்கள் உண்டு, டேங்க் பக்கத்தில் சின்ன கரண்ட் பம்ப் ஒன்று வைப்பார்கள். நான் வைக்கப் போவதில்லை. விபத்தில் இன்ஜின் நின்றாலும் அது ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்து, அணைக்கும் ஏற்பாடும் சேர்த்துச் செய்ய வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை.

ஏப்ரல் 6

தாப்பா வழியாகக் கேமரன் ஏறினோம். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர், வளைவுக்கு வளைவு, முன்னால் ஒரு காய்கறி லாரி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு. வண்டி நோக வேறென்ன வேண்டும்? இன்ஜின் உழைக்கிறது, காற்று அடிக்கவில்லை, ஏற ஏற வெளி அழுத்தமும் குறைகிறது. நிற்கவில்லை. லாத்தா இஸ்கந்தரில் நாங்களாகத்தான் நிறுத்தினோம். பிள்ளைகள் அருவியைப் பார்த்தார்கள், நான் வெப்பமானியால் பம்பைப் பார்த்தேன். வீட்டுக்காரி எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு அவித்த சோளம் வாங்கப் போனாள்.

கால் மணி கழித்துக் கிளம்பும்போது கொஞ்சம் தகராறு செய்தது. தரைவரை மிதித்துப் பிடித்து, மனசுக்குள் பத்து எண்ணினேன். ஏழில் பிடித்துக்கொண்டது. கிண்ணம் பொங்கும் நோய் போகவில்லை, மேனிஃபோல்ட் பக்கத்தில் ஒரு தகரத் தடுப்பு வைக்கலாம். வைப்பேனா தெரியவில்லை. ஏழு எண்ணினால் போதும் என்றால் என்ன அவசரம்.

ஏப்ரல் 8

முதலில் கேள்வி கேட்ட தம்பி ஒருவழியாக எழுதியிருக்கிறார்:

"அண்ணே, வேலை மாற்றலில் ஜொகூர் போயிருந்தேன், இப்போதுதான் எல்லாம் படித்தேன். நேற்று வண்டி நின்றதும் நீங்கள் கேட்ட மாதிரி டேங்க் மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது, மூடியே கையோடு ஒட்டுகிற மாதிரி. உடனே கிளம்பிவிட்டது. பழைய மூடி தொலைந்ததால் போன வருடம் கடையில் புதுசு வாங்கினேன், அழகான குரோம் மூடி."

அந்த அழகான மூடியில் காற்று போக ஓட்டை இல்லை, தம்பி. எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்க் ஒரு பக்கம் இழுக்கும், பம்ப் ஒரு பக்கம் இழுக்கும். காலையில் ஏன் நிற்கவில்லை என்று கேட்பீர்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு தூரம் போகிறீர்கள்? பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டு வருவதோடு சரி என்றால், அதற்குள் இழுவை சேராது. அரை மணி நேரம் ஓட்டினால் நடு ராத்திரியிலும் நிற்கும், ஓட்டிப் பாருங்கள்.

பழைய மாதிரி, ஓட்டை வைத்த மூடி வாங்குங்கள். கிழவரிடம் கேட்டேன், மைலோ டப்பாவில் ஒன்று இருக்கிறதாம். வரும்போது அவருக்குச் சர்க்கரை குறைவாக ஒரு தே தாரிக் வாங்கி வாருங்கள்.

ஏப்ரல் 8, பத்து நிமிடம் கழித்து

குரோம் மூடியில் ஆணி வைத்து ஓட்டை போடலாமா என்று கேட்கிறார். டேங்கில் மாட்டியபடி போடாதீர்கள், ஐயா. கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.